பேர் சொல்லாதவனை முதலாளி ஆக்கிய காவலாளி

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மதியம் சாப்பிட்டுவிட்டுக் கண் அசரப் போகும் நேரத்தில் போன் வந்தது. பழவேற்காடு ஏரிக்கரையில், தோணிரேவில் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுக்கும் அக்கா. இந்தப் பகுதியை வாராவாரம் படிப்பவர். ஓ.டி.பி. மோசடி பற்றி நான் எழுதியபோது, அதைத் தன் தெருப் பெண்களுக்கு உரக்கப் படித்துக் காட்டியதாக வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். அப்படித்தான் பழக்கம்.

"சார், எங்க கம்ப்யூட்டர்ல யாரோ பூந்துட்டாங்க சார். உள்ள போற இடத்துல என் பேரு, 'மாணவர்'னு ஒரு பேரு, ரெண்டுதானே இருக்கணும்? மூணாவதா ஒண்ணு நிக்குது. நான் வைக்கலை. பாஸ்வேர்டு என்னைத் தவிர யாருக்கும் தெரியாது சார்."

நீங்கள் டைப் அடிக்கும்போது யாராவது பார்த்திருப்பார்கள் என்றேன். இப்படிக் கேட்டு வரும் பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு அதுதான் நடந்திருக்கும்.

மறுநாள் மாலை மறுபடி கூப்பிட்டார். "ஆளு தெரிஞ்சுபோச்சு சார். பத்தாவது படிக்கிற பையன். ஆனா பாஸ்வேர்டு தெரியாமலே பண்ணேன்னு சாதிக்கிறான். பொய்தானே? நாளையிலிருந்து வகுப்புக்கு வராதேன்னு சொல்லிட்டேன். போலீஸ்ல சொல்லணுமா சார்?"

அந்த 'பாஸ்வேர்டு தெரியாமலே' என்ற வார்த்தையைக் கேட்டதும் தூக்கம் கலைந்தது. அவன் பொய் சொல்லாமலும் இருக்கலாம். ஒரு வாரம் பொறுங்கள், நானே வருகிறேன் என்றேன்.

சென்னையிலிருந்து பொன்னேரி வழியாகப் போனால் பழவேற்காடு அறுபது கிலோமீட்டர் தூரம்தான். 1613-ல் டச்சுக்காரர்கள் கட்டிய கெல்ட்ரியா கோட்டை இருந்த இடம் இப்போது மேடும் புதருமாகக் கிடக்கிறது. எலும்புக்கூடு செதுக்கிய வாசலோடு டச்சுக் கல்லறைத் தோட்டம் மட்டும் அப்படியே இருக்கிறது. ஏரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் விடும் நாளில் கடலுக்குப் போகக் கூடாது என்று இங்குள்ள குப்பங்களுக்கு அறிவிப்பு வரும். தெலுங்கில் ரேவு என்றால் துறை. தோணி வந்து ஒதுங்குகிற துறை, தோணிரேவு. ஆந்திர எல்லை பக்கத்திலேயே இருப்பதால் ஊர்ப் பெயரிலும் இரண்டு மொழி கை கோத்திருக்கிறது.

வகுப்பு என்பது ஒரு வீட்டுத் திண்ணையை ஒட்டிய அறை. ஒரு மூலையில் ஏதோ ஒரு அலுவலகம் கழித்துக் கட்டிய மேசைக் கம்ப்யூட்டர். அதில் விண்டோஸ் இல்லை, காசு கொடுக்க வேண்டாத லினக்ஸ். 2020-ல் வந்த ஒரு பதிப்பை யாரோ பழைய பென் டிரைவிலிருந்து ஏற்றிக் கொடுத்திருக்கிறார்கள். பிள்ளைகள் எல்லோருக்கும் சேர்த்து 'மாணவர்' என்று ஒரு கணக்கு. அதில் படிக்கலாம், வரையலாம், டைப் பழகலாம். புது ஆளைச் சேர்ப்பது, புது மென்பொருள் ஏற்றுவது எல்லாம் அக்காவின் கணக்கில்தான். அதற்குப் பெயர் நிர்வாகிக் கணக்கு.

அக்கா பதறியதற்குக் காரணம் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களுக்கான நிவாரணம் வங்கிக் கணக்கில் வர வேண்டும் என்றால் ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக் முதல் பக்கம் எல்லாம் கேட்பார்கள். ஒவ்வொரு தடவையும் ஜெராக்ஸ் கடைக்கு அலைய முடியாமல் பெண்கள் அக்காவிடம் கொண்டுவந்து கொடுக்க, அவர் போனில் படம் எடுத்துக் கம்ப்யூட்டரில் சேர்த்து வைத்திருந்தார். நூற்றுச் சொச்சம் குடும்பங்களின் காகிதம் அது. அந்த ஃபோல்டரை அவர் கணக்கைத் தவிர வேறு யாரும் திறக்க முடியாதபடி பூட்டி வைக்க, ஒரு வருடம் முன்பு போனில் சொல்லிக் கொடுத்தவன் நான்தான்.

அந்தப் பூட்டு சரியாகத்தான் இருந்தது. வீட்டின் சாவியையே இன்னொருவன் செய்துகொண்ட பிறகு அறைப் பூட்டு என்ன செய்யும்?

பையன் தன் தாத்தாவோடு வந்து நின்றான். தாத்தா இறால் பாட்டுக்குப் போய்வந்த ஆள், இப்போது கண் பார்வை மங்கி வீட்டோடு. பேரன் ஏதோ திருடிவிட்டதாக ஊரில் பேச்சு வந்துவிட்டதே என்ற கவலை அவர் முகத்தில் தெரிந்தது.

"எப்படிடா செஞ்சே?" என்றேன்.

"வீடியோவுல பார்த்தேன் சார். பழைய வீடியோ. ஓடாதுன்னு நெனச்சுத்தான் போட்டேன்." போனில் ஓடிய வீடியோவைப் பார்த்துப் பார்த்து, ஒரு வரிக் கட்டளையை எழுத்து எழுத்தாகக் கம்ப்யூட்டரில் அடித்திருக்கிறான். முதல் தடவை நடக்கவில்லை. இரண்டாவது தடவையும் இல்லை. முப்பது தடவைக்கு மேல் அடித்ததில் திடீரென்று ஒரு தடவை பலித்திருக்கிறது. புதிதாக ஒரு நிர்வாகி. அவன் பெயரிலேயே. திருட வந்தவன் தன் பெயரை வாசலில் எழுதி வைப்பானா?

"ஃபோல்டரைத் திறந்தியா?"

"இல்ல சார். பயமாப் போச்சு. மூடிட்டேன்."

அதையும் சரிபார்த்தேன். அந்தப் புதுக் கணக்கில் ஒரே ஒரு முறை நுழைந்து, மூன்று நிமிடத்தில் வெளியே வந்திருக்கிறான். ஒரு கோப்பையும் தொட்ட தடயம் இல்லை.

சரி, பாஸ்வேர்டு தெரியாத ஒருவன் எப்படி நிர்வாகி ஆனான்? உங்கள் கம்ப்யூட்டரில் ஏதாவது பெரிய வேலை செய்யப் போனால் சின்னப் பெட்டி ஒன்று எழும்பி, 'பாஸ்வேர்டு கொடு' என்று கேட்குமே? பெரும்பாலான லினக்ஸ் கம்ப்யூட்டர்களில் அந்தப் பெட்டிக்குப் பின்னால் ஒரு காவலாளி உட்கார்ந்திருக்கிறார். பெயர் போல்கிட். முன்பு பாலிசிகிட் என்று இருந்து சுருங்கியது. இன்ன வேலையை இன்னார் செய்யலாமா, கூடாதா, பாஸ்வேர்டு கேட்க வேண்டுமா என்று முடிவு சொல்வதுதான் அவர் தொழில்.

ஆனால் போல்கிட் யார் முகத்தையும் நேரில் பார்ப்பதில்லை. உள்ளே ஓடும் புரோகிராம்கள் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ள டி-பஸ் என்று ஒரு தூதர் இருக்கிறார். "புது ஆளைச் சேர்க்கச் சொல்லி ஒரு விண்ணப்பம் வந்திருக்கிறதே, அனுப்பியவன் யார்?" என்று போல்கிட் கேட்பார். தூதர் பார்த்து, அனுப்பியவனின் எண்ணைச் சொல்வார். லினக்ஸில் ஒவ்வொரு பயனருக்கும் ஒரு எண் உண்டு. எல்லா அதிகாரமும் கொண்ட தலைமைக் கணக்குக்கு ரூட் என்று பெயர், அதன் எண் 0.

வீடியோ சொல்லிக் கொடுத்த தந்திரம் இதுதான். விண்ணப்பத்தை அனுப்பு. போல்கிட் தூதரிடம் 'யார்?' என்று கேட்பதற்கு முன்னால், விண்ணப்பம் அனுப்பிய புரோகிராமையே கொன்றுவிடு. இப்போது தூதர் திரும்பிப் பார்த்தால் அங்கே ஆளே இல்லை. "அப்படி யாரும் லைனில் இல்லையே" என்று சொல்லிவிடுவார்.

நியாயமாக என்ன செய்ய வேண்டும்? ஆள் இல்லை என்றால் விண்ணப்பத்தைக் கிழித்துப் போட வேண்டும். போல்கிட்டும் பல இடங்களில் அப்படித்தான் செய்தது. ஒரே ஒரு பாதையில் மட்டும், பதில் வராததைக் கவனிக்காமல், எண் எழுத வேண்டிய கட்டத்தில் இருந்த பூஜ்ஜியத்தை அப்படியே எடுத்துக்கொண்டது. காலி என்று அர்த்தம் கொண்ட பூஜ்ஜியம். ஆனால் பூஜ்ஜியம் என்பது ரூட்டின் எண்ணும் ஆயிற்றே! 'ஓ, முதலாளி அனுப்பியதா, பாஸ்வேர்டு எதற்கு' என்று கதவைத் திறந்துவிட்டது.

இதை நான் பையனிடமும் அக்காவிடமும் சொல்லிக்கொண்டிருந்தபோது தாத்தா குறுக்கே வந்தார்.

"தம்பி, எனக்கு ஒண்ணு. எங்களுக்குப் பாடு உண்டு, தெரியும்ல?"

தெரியும். பழவேற்காட்டைப் பற்றி எழுத வந்தவன் பாட்டைப் பற்றிச் சொல்லாமல் போனால் ஏரி மன்னிக்காது. ஏரியில் இறால் நன்றாக விழும் இடங்கள் கொஞ்சம்தான். எல்லோரும் ஒரே இடத்தில் வலை போட்டால் அடிதடிதான் மிஞ்சும். அதனால் தலைமுறை தலைமுறையாக ஒரு ஏற்பாடு. ஊரில் தலைக்கட்டாகப் பெயர் பதிந்தவர்களுக்கு மட்டும் உரிமை. யாருக்கு எந்த இடம், எந்த முறை என்று சீட்டுக் குலுக்கி எடுப்பார்கள். அதன்படி மாறி மாறிப் போவார்கள். பட்டியலில் பெயர் இல்லாதவன் அங்கே கழி ஊன்றி வலை கட்ட முடியாது. இந்த முறையைப் படிக்க உலகம் முழுவதிலுமிருந்து ஆராய்ச்சியாளர்கள் வந்து போயிருக்கிறார்கள். பாட்டு உரிமை இல்லாதவர்களுக்கு இதில் மனத்தாங்கலும் உண்டு, வழக்கு வம்பும் உண்டு. அது வேறு கதை, இன்னொரு வாரம் பார்க்கலாம்.

தாத்தா சொன்னார்: "சீட்டு எடுக்கச் சொல்ல, பேரு கேக்குறாங்க. ஒருத்தன் பேரு சொல்லாம எழுந்து போய்ட்டான்னு வெச்சிக்க. அவனுக்குப் பாடு குடுப்பாங்களா?"

"குடுக்க மாட்டாங்க."

"இந்தப் பொட்டி என்னாத்துக்குக் குடுத்துச்சு?"

"பாடு மட்டும் குடுக்கலை தாத்தா. பேரு சொல்லாம போனவனை ஊர்த் தலைவர்னு எழுதிக்கிச்சு. இனிமே சீட்டுக் குலுக்குறதே அவன்தான்."

தாத்தா கொஞ்ச நேரம் கம்ப்யூட்டரையே பார்த்தார். "படிச்சவங்கதானே கட்டினாங்க?" என்றார். பையன் முகத்தில் அன்றைக்கு முதல் முறையாகச் சிரிப்பு வந்தது.

படித்தவர்கள்தான் கட்டினார்கள். இந்த ஓட்டையைக் கண்டுபிடித்தவர் கிட்ஹப் நிறுவனத்தின் பாதுகாப்பு ஆய்வகத்தில் இருந்த கெவின் பேக்ஹவுஸ். அவர் முதலில் உலகத்துக்குச் சொல்லவில்லை, போல்கிட்டைப் பராமரிப்பவர்களுக்குச் சொன்னார். 2021 ஜூன் 3-ம் தேதி திருத்தம் வெளியான பிறகுதான், ஒரு வாரம் கழித்து விவரமாக எழுதினார். இப்படிக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளுக்கெல்லாம் உலகப் பொதுவான பதிவு எண் உண்டு. இதன் எண் சி.வி.இ. 2021-3560. அந்தத் தவறான வரி போல்கிட்டுக்குள் நுழைந்து அப்போது ஏழு வருடம் ஆகியிருந்தது.

முப்பது தடவை எதற்கு என்று பையன் கேட்டான். நல்ல கேள்வி. விண்ணப்பம் போய்ச் சேர்வதற்கு முன்பே கொன்றுவிட்டால் விண்ணப்பமே இல்லை. போல்கிட் 'யார்?' என்று கேட்டுப் பதில் வாங்கிய பிறகு கொன்றால் பாஸ்வேர்டு பெட்டி வந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் கொல்ல வேண்டும். பேக்ஹவுஸ் தன் கம்ப்யூட்டரில் காட்டிய கணக்குப்படி, அனுப்பியதிலிருந்து சுமார் 8 மில்லி விநாடியில் கொல்ல வேண்டும். ஒரு விநாடியை நூறு துண்டாக்கினால் அதில் ஒரு துண்டுகூட இல்லை. அது ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் முன்னே பின்னே நகரும். விழும்வரை போட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான். ஏரிக்காரப் பையனுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

வெளியிலிருந்து யாரோ முகம் தெரியாதவர் ஏறிக் குதித்து வருவது ஒரு வகைத் திருட்டு. இது அந்த வகை இல்லை. ஏற்கெனவே வீட்டுக்குள் திண்ணைவரை வர அனுமதி உள்ளவன், அனுமதி இல்லாத உள்ளறைக்குப் போவது. பாதுகாப்பு ஆட்கள் இதை அதிகார உயர்வு ஓட்டை என்பார்கள். 'உள்ளே வந்தவனிடமிருந்துதானே ஆபத்து, நம்ம வீட்டில் யார் அப்படி?' என்று தோன்றும். ஆனால் நீங்கள் தெரியாமல் ஏற்றிய ஒரு ஆப்பும் உள்ளே வந்த ஆள்தான். அது திண்ணையில் உட்கார்ந்து இப்படி ஒரு ஓட்டையைத் தேடிக்கொண்டிருக்கலாம். பெரிய தாக்குதல்கள் பலவும் இப்படி இரண்டு படியாகத்தான் நடக்கின்றன. முதலில் சின்னதாக நுழைவு, அப்புறம் மெதுவாகப் பதவி உயர்வு.

போல்கிட் காவலாளியின் கதை அதோடு முடியவில்லை. ஏழே மாதத்தில், 2022 ஜனவரி 25 அன்று, குவாலிஸ் என்ற நிறுவனம் அதே போல்கிட்டில் இன்னொரு ஓட்டையை வெளியிட்டது. அமெரிக்க நிறுவனம், புனேயில் பெரிய அலுவலகம் உண்டு. பூன்கிட் என்று பெயர் வைத்தார்கள். முந்தையது ஏழு வருடப் பழசு என்றால், இது 2009 மே மாதத்திலிருந்து இருந்தது. பன்னிரண்டரை வருடம்! உபுண்டு, டெபியன், ஃபெடோரா, சென்ட்ஓஎஸ் என்று முக்கியமான லினக்ஸ் வகைகள் எல்லாவற்றிலும் வேலை செய்தது. இதற்கு முப்பது தடவை முயற்சியும் தேவையில்லை.

அதன் சூட்சுமம் இன்னும் வேடிக்கை. ஒரு புரோகிராமைக் கூப்பிடும்போது ஒரு பட்டியல் கொடுப்பார்கள். முதல் வரியில் அந்தப் புரோகிராமின் பெயர், இரண்டாவது வரியிலிருந்து செய்ய வேண்டிய வேலை. போல்கிட்டோடு வரும் பிகேஎக்ஸெக் என்ற புரோகிராம், முதல் வரி எப்படியும் இருக்கும் என்று நம்பி இரண்டாவது வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தது. யாராவது ஒரு வரிகூட இல்லாத வெறும் பட்டியலைக் கொடுத்தால்? இல்லாத இரண்டாவது வரியைப் படிக்கப் போய், நினைவகத்தில் அடுத்து ஒட்டிக்கொண்டிருந்த வேறொரு பட்டியலைப் படித்தது. படித்ததோடு விடாமல் அதன்மேல் எழுதவும் செய்தது. எதை எழுத வைப்பது என்பது தாக்குபவர் கையில். அவ்வளவுதான், ரூட்.

இதை ரயான் மலோன் என்ற நிரலாளர் 2013 டிசம்பரிலேயே கவனித்து எழுதியிருந்தார். வெறும் பட்டியல் கொடுத்தால் பிகேஎக்ஸெக் தடுமாறுகிறது, ஆனால் இதை வைத்து ரூட் ஆக எனக்கு வழி தெரியவில்லை என்ற அளவில் நிறுத்திக்கொண்டார். எட்டு வருடம் கழித்து வேறு யாரோ வழி கண்டுபிடித்தார்கள். ஓப்பன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தில் இந்தத் தந்திரம் பலிக்காது. காரணம், வெறும் பட்டியலோடு எந்தப் புரோகிராமையும் தொடங்கவே அது விடாது. லினக்ஸின் கருவில் அதற்கு ஒரு தடுப்பு வந்தது 2022-ல்தான். இந்த மாதிரி விஷயங்களைப் படிக்கும்போது எனக்குக் கோபத்தைவிட ஒரு சங்கடம்தான் வருகிறது. நான் எழுதிய எத்தனை கணக்குத் தாள்களில் இப்படி ஒரு காலி வரி இருக்கிறதோ!

லினக்ஸ் என்றால் அப்படித்தான், காசு கொடுத்து வாங்கினால் நிம்மதி என்று யாராவது சொல்ல வருவதற்குள் ஆப்பிள் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2017 நவம்பர் 28. துருக்கியைச் சேர்ந்த நிரலாளர் லெமி ஓர்ஹான் எர்கின் ட்விட்டரில் ஒரு வரி எழுதினார். அப்போதைய மேக் இயங்குதளமான ஹை சியராவில், பெயர் கேட்கும் இடத்தில் 'ரூட்' என்று அடியுங்கள், பாஸ்வேர்டைக் காலியாக விடுங்கள், சில தடவை அழுத்துங்கள், உள்ளே போய்விடலாம். உலகம் முழுவதும் மேக் வைத்திருந்தவர்கள் அடித்துப் பார்த்தார்கள். போனது! ஆப்பிள் மறுநாளே திருத்தம் அனுப்பியது. அங்கேயும் காலியைக் கண்டுதான் காவலாளி ஏமாந்தார்.

நம் ஊர்க் கதைக்கு வருவோம். தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கியது இதே திருவள்ளூர் மாவட்டத்தில், காக்களூரில். அந்த லேப்டாப்புகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது ஞாபகம் இருக்கும். பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கம் அது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்தின் சென்னைப் பிரிவு, டெபியன் என்ற லினக்ஸை அடிப்படையாக வைத்து உருவாக்கியது. நிறைய பேர் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல் விண்டோஸிலேயே இருந்துவிட்டார்கள் என்பது என் வருத்தம். தமிழில் மெனு பார்க்கக் கிடைத்த நல்ல வாய்ப்பு. இன்றும் பல வீடுகளில் அந்த லேப்டாப் பரண்மேல் இருக்கும், அல்லது தங்கச்சி பாட்டுக் கேட்க இருக்கும். எந்தப் பெயரில் இருந்தாலும், டெபியன் குடும்பத்தில் பிறந்து, 2022-க்குப் பிறகு ஒரு தடவைகூட அப்டேட் பார்க்காத கம்ப்யூட்டர் என்றால் பூன்கிட் அதில் இன்னும் உட்கார்ந்திருக்க வாய்ப்பு அதிகம். வீட்டில் பாட்டுக் கேட்க மட்டும் என்றால் கவலை இல்லை. பலர் உட்காரும் இடத்தில், ஆதார் நகல்கள் சேரும் இடத்தில் என்றால் கவலைப்படத்தான் வேண்டும்.

தோணிரேவு கம்ப்யூட்டர் ஏன் அப்டேட் பார்க்கவில்லை?

அக்காதான் சொன்னார். கோபமே இல்லாமல், சாதாரணமாக. "நீங்கதானே சார் சொன்னீங்க, தானா அப்டேட் ஆகறதை அணைச்சு வைங்க, போன் டேட்டா எல்லாம் குடிச்சிடும்னு."

சொன்னேன். ஒரு வருடம் முன்பு, அந்த ஃபோல்டரைப் பூட்டச் சொல்லிக் கொடுத்த அதே போன் பேச்சில். அங்கே வயர் இன்டர்நெட் கிடையாது, அக்காவின் போனிலிருந்து ஹாட்ஸ்பாட். ஒரு நாளைக்குக் கிடைப்பது ஒன்றரை ஜி.பி. கம்ப்யூட்டர் அப்டேட் என்று ஆரம்பித்தால் காலையிலேயே தீர்ந்துவிடும், மாலையில் பிள்ளைகளுக்குப் பாட வீடியோ காட்ட முடியாது. அதைக் கேட்டு, கணமும் யோசிக்காமல் அணைத்து வைக்கச் சொன்னேன். மாதம் ஒரு நாளாவது திறந்து விடுங்கள் என்று சேர்த்துச் சொல்ல மறந்தேன். அறைக்குப் பூட்டுப் போட்டுவிட்டு வாசல் கதவைக் கழற்றிக் கொடுத்தவன் நான். அக்காவிடமும் பையனிடமும் மன்னிப்புக் கேட்டேன். அக்கா "பரவாயில்ல சார்" என்றார். பையன் ஒன்றும் சொல்லவில்லை, அவனுக்கு அது பிடித்திருந்தது என்று மட்டும் தெரிந்தது.

அன்றைக்கு அப்டேட் முடிய நான்கு மணி நேரம் ஆனது. என் போன் டேட்டா, அக்கா போன் டேட்டா, பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பெண்ணின் டேட்டா என்று மூன்று ஹாட்ஸ்பாட் மாற்றி மாற்றி. இனிமேல் வாரம் ஒரு நாள் இரவு, அன்றைக்கு மிச்சம் உள்ள டேட்டாவை அப்டேட்டுக்கு விடுவது என்று ஏற்பாடு. காகிதங்கள் இருந்த ஃபோல்டரைக் கம்ப்யூட்டரிலிருந்தே எடுத்து, பாஸ்வேர்டு போட்ட பென் டிரைவில் வைத்து, அதை அக்காவின் பீரோவுக்குள் அனுப்பினோம். எவ்வளவு நல்ல காவலாளி இருந்தாலும், பிள்ளைகள் உட்காரும் கம்ப்யூட்டரில் அது இருக்க வேண்டியதில்லை. வேலை முடிந்தவர்களின் நகல்களை அழித்துவிடுங்கள் என்றும் சொன்னேன். அக்கா அரை மனதாகத் தலையாட்டினார். அடுத்த வருடமும் கேட்பார்களே என்பது அவர் நியாயம்.

இதைப் போனில் படித்துக்கொண்டிருக்கும் உங்களுக்கு ஒரு வார்த்தை. ஆண்ட்ராய்டும் லினக்ஸ் கருவின்மேல் கட்டியதுதான், ஆனால் உங்கள் போனில் போல்கிட் கிடையாது. அதனால் இந்த இரண்டு ஓட்டையும் உங்களுக்கு இல்லை. இதன் ஒன்றுவிட்ட சகோதரர்கள் உண்டு. 2022 மார்ச்சில் வெளியான டர்ட்டி பைப் அப்படி ஒன்று. அப்போது புதிதாக வந்திருந்த பிக்சல் 6, கேலக்ஸி எஸ்22 போன்ற போன்களையே பாதித்தது. பழைய போன்கள் தப்பித்தன, ஏனென்றால் ஓட்டை புதிய கருவில்தான் இருந்தது. ஒவ்வொரு மாதமும் கூகுள் ஆண்ட்ராய்டுக்கான பாதுகாப்புத் திருத்தப் பட்டியலை வெளியிடுகிறது. அதில் இந்த அதிகார உயர்வு வகை அடிக்கடி தலைகாட்டும். உங்கள் போனில் செட்டிங்ஸுக்குள் போய் 'செக்யூரிட்டி அப்டேட்' என்று தேடுங்கள். ஒரு தேதி காட்டும். அது இரண்டு, மூன்று மாதத்துக்குள் இருந்தால் நல்லது. இரண்டு வருடம் பழசாக இருந்தால், கம்பெனி உங்கள் போனைக் கைவிட்டுவிட்டது என்று அர்த்தம். அந்தப் போனில் கண்ட இடத்திலிருந்து ஆப் இறக்குவதையாவது நிறுத்துங்கள். பேங்க் ஆப்பை வேறு போனுக்கு மாற்ற முடிந்தால் மாற்றுங்கள்.

பையன் விஷயம்.

அக்கா போலீஸ் பற்றிக் கேட்டாரே, அதற்குச் சட்டம் என்ன சொல்கிறது என்றும் பார்த்துவிடலாம். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ன் 43-ம் பிரிவு, உரிமையாளர் அனுமதி இல்லாமல் ஒரு கம்ப்யூட்டரில் நுழைவதைத் தவறு என்கிறது. அதையே நேர்மையற்ற நோக்கத்தோடு செய்தால் 66-ம் பிரிவு. மூன்று வருடம்வரை சிறை, ஐந்து லட்சம்வரை அபராதம், அல்லது இரண்டும். இதைப் பையனிடம் மறைக்காமல் சொன்னேன். வீடியோ போடுகிறவர்கள் இந்தப் பகுதியை மட்டும் சொல்வதில்லை. உன் கம்ப்யூட்டரில் எத்தனை தடவை வேண்டுமானாலும் கொன்று பார், அடுத்தவருடையதில் கேட்காமல் ஒரு தடவைகூடக் கூடாது என்றேன். "எனக்கு ஏது சார் கம்ப்யூட்டர்?" என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பேக்ஹவுஸ் என்ன செய்தார் என்பதை மறுபடி சொன்னேன். அவரும் இதே வேலையைத்தான் செய்தார், தன் கம்ப்யூட்டரில். கண்டுபிடித்ததும் முதலில் சரிசெய்யக்கூடியவர்களுக்கு எழுதினார். அவர்கள் சரிசெய்யும்வரை வாய் திறக்கவில்லை. நம் நாட்டில் இப்படிச் சொல்வதற்கு மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் கீழ் செர்ட்-இன் என்ற அமைப்பு இருக்கிறது. யார் வேண்டுமானாலும் எழுதலாம், பத்தாவது படிப்பவனும் எழுதலாம்.

"இவன் மறைக்கலியே சார், பேரை அப்படியே விட்டுத்தானே வெச்சிருந்தான்" என்றார் அக்கா. ஒரு வாரமாக அவனை வகுப்புக்குச் சேர்க்காதவர் அவர்தான். திங்கட்கிழமையிலிருந்து வரச் சொல்லிவிட்டார். கூடவே ஒரு வேலையும் கொடுத்தார்: வாரா வாரம் அந்த அப்டேட்டைப் போடுவது இனி அவன் பொறுப்பு, ஆனால் அக்கா பக்கத்தில் இருக்கும்போது மட்டும்.

கிளம்பும் முன் கடைசியாக, அந்த மூன்றாவது கணக்கை அழிக்க வேண்டியிருந்தது. நீயே அழி என்று பையனிடம் சொன்னேன். 'மாணவர்' கணக்கில் உட்கார்ந்து அழுத்தினான். பெட்டி எழும்பிப் பாஸ்வேர்டு கேட்டது. சும்மா பார்க்கலாம் என்று பழைய வித்தையைப் போட்டான், நாங்கள் பார்க்கப் பார்க்க, ஐம்பது தடவை. ஒன்றும் நடக்கவில்லை. தாத்தாவுக்கு இது நன்றாகப் புரிந்தது. "இப்போ ஆளைக் கேக்குது" என்றார்.

"அக்கா, நீங்க வாங்க" என்று பையன் எழுந்து இடம் விட்டான். அக்கா உட்கார்ந்தார். ஒரு கையால் டைப் அடித்தார். இன்னொரு கையை விசைப்பலகைக்கு மேலே குடைபோல வைத்துக்கொண்டார்.